குற்றவாளி டிஜிட்டல் இல்லை

நாகர்கோவிலில் பழைய பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் கூடினால், புதிதாக வந்த எந்த எல்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். "டிஜிட்டல்ல இருந்து அடிச்சிருக்கான் ஓய், பின்ன எப்பிடி இருக்கும்? ஒரிஜினல் தட்டு கெடச்சா கேட்டுப் பாரும்." சென்னையில் தட்டு சேர்க்கிறவர்களும் இதையே வேறு பேச்சு வழக்கில் சொல்கிறார்கள். அமெரிக்க ஜாஸ் ரசிகர்களிடம் இது கிட்டத்தட்ட ஒரு சமயக் கொள்கை. மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் தட்டுகளின் முதல் பதிப்புக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். மறுபதிப்பு என்றால் முகம் சுளிப்பார்கள். நடுவில் எங்காவது டிஜிட்டல் படி ஒன்று இருந்தது என்று தெரிந்துவிட்டால் தட்டைத் தொடவே மாட்டார்கள்.

மறுபதிப்புகள் ஏமாற்றுகின்றன என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பெரும்பாலானவை ஏமாற்றத்தான் செய்கின்றன. நான் மறுப்பது அதற்குச் சொல்லப்படும் காரணத்தை. அந்தக் காரணம் தவறு. அதை நாம் திரும்பத் திரும்பச் சொல்வதால், உண்மையில் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எந்தக் கேள்வியும் இல்லாமல் தப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அண்மையில் வாங்கிய ஒரு தட்டையே எடுத்துக்கொள்கிறேன். பழைய தமிழ்ப் படப் பாடல்களின் தொகுப்பு. கனமான தட்டு, தடித்த அட்டையில் உறை, உள்ளே மடித்து வைத்த பெரிய படம். முதல் பக்கத்தின் கடைசியில் நாதஸ்வரம் வருகிற பாட்டு ஒன்று. வித்வான் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிறார். ஆனால் ஸ்வரம் நிற்கவில்லை, மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது. குனிந்து ஊசிக்கையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். தட்டு சுற்றச் சுற்ற அது இடமும் வலமுமாக ஆடுகிறது. நடுத்துளை மையத்தில் விழவில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. சுருதி ஏறி இறங்குவதும் அச்சாக அதே 1.8 நொடிக்கு ஒருமுறை. அடுத்தது தவில். தொப்பியில் கம்பு விழும் அடியும், வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் உருட்டும் சொற்களும் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. ஓர் அடி பெரிது, ஓர் அடி சிறிது என்ற பேதம் போய்விட்டது. தவில்காரர் கையில் இருந்த தாளத்தின் மேடுபள்ளம் அப்படியே காணாமல் போயிருக்கிறது. நாதஸ்வரம் உச்சிக்குப் போகும்போது ஓசையில் ஒரு கிழிசல் வேறு.

இதில் எது டிஜிட்டல் செய்த வேலை? துளையை ஓரமாகப் போட்டது ஆலை. தவிலை மட்டம் தட்டியது, பதிவைத் தட்டுக்காகத் தயார்செய்யும் மாஸ்டரிங் மேசையில் உட்கார்ந்தவரின் கை. உச்சியில் வந்த கிழிசலுக்குக் காரணம் பாட்டை வைத்த இடம். எல்பியின் வெளி வட்டத்தில் ஊசிக்கு அடியில் தட்டு நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் வட்டத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒரு நொடிச் சங்கீதத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும். மேல் ஸ்தாயி அதிர்வுகள் நெருங்கி மடிந்துகொள்ளும், ஊசியால் அவற்றைத் தொடர்ந்து போக முடியாது. நாதஸ்வரம் போல உச்சத்தில் அடர்த்தியான வாத்தியத்தைப் பக்கத்தின் கடைசியில் வைக்கக் கூடாது என்பது தட்டு வெட்டுகிறவர்களுக்குப் பாலபாடம். பாட்டுகளை வரிசைப்படுத்தியவர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை, அல்லது அவரிடம் யாரும் கேட்கவில்லை. கணினியே கண்டுபிடிக்கப்படாத உலகத்திலும் அந்தத் தட்டு இப்படித்தான் கெட்டுப்போயிருக்கும்.

டிஜிட்டல்தான் ஒலியைக் கொல்கிறது என்பவர்களுக்கு 2022 ஜூலையில் ஒரு பெரிய சோதனை வந்தது. தட்டு உலகத்தில் மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் பேசப்பட்ட நிறுவனம் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி. மூல நாடாவிலிருந்து நேராக, நடுவில் டிஜிட்டல் தொடாமல் வெட்டிய தட்டு என்று நம்பியே மக்கள் அதை வாங்கினார்கள். அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ரெக்கார்டு கடை நடத்தும் ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினார். பிறகு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே அவரிடம் ஒப்புக்கொண்டார்கள்: 2011 முதலே பல தட்டுகளுக்கு மூல நாடாவை உயர்தர டிஜிட்டல் பிரதியாக எடுத்து, அதிலிருந்துதான் வெட்டியிருக்கிறோம் என்று. வழக்கு நடந்தது, பணத்தைத் திருப்பித் தரும் சமரசமும் வந்தது. வாங்கியவர்களிடம் மறைத்தது பெரிய தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகளை வைத்துக்கொண்டு, டிஜிட்டல் வாடை அடித்தால் ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று எழுதி வந்தவர்கள், இதே தட்டுகளைத்தான் அனலாக் ஒலியின் உச்சம் என்று புகழ்ந்தார்கள். ஒருவர் காதிலும் அது உறுத்தவில்லை. செய்தி வெளியான பிறகுதான் சிலருக்கு 'ஏதோ குறைகிற மாதிரி' கேட்க ஆரம்பித்தது. அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்தன, ஏனென்றால் கவனமாகச் செய்யப்பட்டிருந்தன. டிஜிட்டல் படி ஒன்று நடுவில் இருப்பது மட்டுமே ஒலியைக் கெடுத்துவிடும் என்றால், கெடுத்ததை அத்தனை நாளில் ஒரு காதாவது பிடித்திருக்க வேண்டும்.

இனி, ஒரிஜினல் தட்டே உண்மை என்கிற பகுதி. ஜாஸ் உலகின் மிகப் பிரபலமான தட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல் நியூயார்க்கில் கொலம்பியாவின் முப்பதாவது தெரு ஸ்டுடியோவில் இரண்டு அமர்வுகளில் பதிவானது, மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும். முதல் அமர்வில் பிரதான நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் வேகமும் சுருதியும் ஏறும். எனவே தட்டின் முதல் பக்கம் முழுவதும், மூன்று உருப்படிகளும், வாசித்த சுருதியைவிடச் சற்றே ஏறிய சுருதியில் வெளிவந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் அந்தத் தவறான சுருதியைத்தான் கேட்டது. கூடவே வாசித்துப் பழக நினைத்த பியானோக்காரர்கள் சுருதி சேராமல் குழம்பினார்கள். அதே அமர்வில் துணைக்கு ஓடிய இன்னோர் இயந்திரத்தின் நாடாவை எடுத்து 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். முதல் பதிப்பு தவறு, மறுபதிப்பு சரி. சுருதியை உயிராக மதிக்கும் கர்நாடக சங்கீத ரசிகர் ஒருவர் இவற்றில் எதை 'ஒரிஜினல்' என்று வைத்துக்கொள்வார்?

இதற்கு இன்னொரு சாட்சி ரூடி வான் கெல்டர். ப்ளூ நோட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜாஸ் தட்டுகளில் மிகப் பலவற்றைப் பதிவு செய்தவர் அவர். நியூஜெர்சியில் பெற்றோர் வீட்டு முன்னறையில் தொடங்கி, 1959-ல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தமாக ஸ்டுடியோ கட்டினார். தட்டும் தானே வெட்டுவார். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் அவர் பெயரின் மூன்றெழுத்து இருந்தால் சேகரிப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவரே பிற்காலத்தில் எல்பியின் மீது தனக்கு எந்த ஏக்கமும் இல்லை, திரிபு அந்தத் தட்டிலேதான் இருந்தது, டிஜிட்டல் வந்தது நல்லது என்று வெளிப்படையாகப் பேசினார். பள்ளம் வெட்டி வெட்டி அதன் எல்லைகளை அறிந்த மனிதர் அவர். தொண்ணூறுகளின் கடைசியில் தன்னுடைய பழைய பதிவுகளைக் குறுந்தட்டுக்காக அவரே மறுபடி மாஸ்டர் செய்தபோது, ஒலியை இறுக்கிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார் என்று பலர் குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆள் ஒருவர்தான், பதிவும் ஒன்றுதான். முடிவை மாற்றியது மாஸ்டரிங்கில் அவர் எடுத்த தீர்மானம்.

அமெரிக்கக் கதை போதும். நம் ஊர் ஒரிஜினல் தட்டு என்ன வாழ்க்கை வாழ்ந்தது என்று பார்க்கலாம்.

கே. வி. மகாதேவன் பிறந்தது நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில், 1918-ல். 'கந்தன் கருணை' படத்துக்காக, இசையமைப்பாளருக்கென்று தேசிய விருது முதன்முதல் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர். 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்', 'சங்கராபரணம்' என்று அவருடைய பாட்டுகள் இந்த ஊரில் ஒலிக்காத திருவிழா கிடையாது. எதில் ஒலித்தன? மைக் செட்டுக்காரரின் பிளேயரில். கல்யாண வீடு, நாகராஜா கோவில் தைத் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் திருவிழா, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா என்று அந்தத் தட்டுகள் வருஷம் முழுக்கச் சுற்றின. கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் வைத்த கனத்த கை, மாதக்கணக்கில் மாற்றாத ஊசி, பந்தல் புழுதி, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரைச் சீவும். முதலில் போவது மேல் ஸ்தாயி. நாதஸ்வரத்தின் கூர்மையும், பாடகியின் 'ச'கரமும், ஜால்ராவின் வாலும் அதோடு போய்விடும். இன்று நாகர்கோவிலில் பழைய சாமான் கடையிலோ தெரிந்தவர் மூலமாகவோ கைக்கு வருகிற 'ஒரிஜினல்' தட்டுகளில் பாதிக்கு மேல் இப்படி உழைத்து ஓய்ந்தவை. வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்ததற்கும் வேறு கஷ்டம். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஈரம் குறைகிற மாதமே குறைவு. காகித உறையில் பூஞ்சை பிடித்து, அது தட்டில் இறங்கி, பள்ளத்துக்குள் படர்ந்துவிடும். கழுவினாலும் தடம் போகாது.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த மைக் செட்டுக்காரர்கள் இல்லையென்றால் பிளேயர் வாங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மகாதேவனே வந்திருக்க மாட்டார். தட்டு அதன் கடமையைச் செய்தது. தேய்ந்து போன தட்டில் கேட்கிற மங்கலை 'அனலாக்கின் கதகதப்பு' என்று கொண்டாடுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேல் ஸ்தாயி போனால் ஒலி மிருதுவாகத்தான் கேட்கும். அந்த மிருது மகாதேவன் கொடுத்தது இல்லை, ஊசி எடுத்துக்கொண்டது.

அன்று ஆலையிலிருந்து புத்தம் புதிதாக வந்த தட்டாவது குறையற்றதா? படப் பாடல்கள் பெரும்பாலும் வந்தது ஏழங்குல ஈ.பி.யில், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஆறேழு நிமிடத்தை அடக்கப் பள்ளங்களை நெருக்கி, ஒலியின் அளவைக் குறைத்து, கீழ்ஸ்தாயியை வெட்டியாக வேண்டும். நல்ல விற்பனை உள்ள தட்டுக்கு தட்டை அழுத்தும் அச்சான ஸ்டாம்பர் ஒன்றையே அது தேயும்வரை ஓட்டினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்கத் தட்டு மெலிந்தது, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலப்பதும் நடந்தது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான நல்ல தட்டு ஒன்றை நல்ல ஊசியில் கேட்டால் மனம் நிறையும், அதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் அது ஒரு நல்ல தட்டின் குணம். 'பழையது' என்ற ஒரே தகுதிக்காக மற்ற தட்டுகளுக்கெல்லாம் அந்தக் குணத்தை ஏற்றிச் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் ஒலியின் தரத்தைப் பழக்கிக் கொடுத்தது வானொலி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இலங்கை வானொலி பக்கத்து வீடு. கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டுகள் இங்கே தெளிவாக எடுத்தன, அவர்களுடைய இசைத்தட்டு நூலகத்தின் புகழும் கூடவே வந்தது. 1984-ல் அகில இந்திய வானொலி தன் முதல் உள்ளூர் நிலையத்தை நாகர்கோவிலில்தான் திறந்தது. தட்டைத் துடைத்து, ஊசியைப் பார்த்து மாற்றி, ஒழுங்காகப் போட்டால் அதே தட்டு எப்படி ஒலிக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் வானொலியில்தான் கேட்டார்கள். பராமரிப்புதான் ஒலி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நான் ஒதுக்க விரும்பவில்லை. ப்ளூ நோட் 2019-ல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையை அவர்கள் காட்டுவார்கள். ஜோ ஹார்லி மேற்பார்வையில், கெவின் கிரே மூல நாடாவிலிருந்து நேராக, டிஜிட்டல் இல்லாமல் வெட்டியவை. பிரமாதமாக ஒலிக்கின்றன. 'பார்த்தீர்களா, டிஜிட்டலை விட்டால் எப்படி இருக்கிறது!' என்பார்கள்.

அந்தத் தட்டுகளைக் கேட்டு நானும் வாயடைத்துப் போயிருக்கிறேன். அவை ஏன் அப்படி ஒலிக்கின்றன? மூல நாடா கெடாமல் இருந்தது. எந்த நாடா மூலம், எது பிரதி என்று அறிந்த ஆட்கள் இருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் வெட்டிப் பழகிய ஒருவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் எடுத்தார். சோதனைத் தட்டு சரியில்லையென்றால் திருப்பி அனுப்பினார்கள். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு 'டிஜிட்டல் இல்லை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு, அனலாக் காலத்திலேயே அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட மட்டமான மறுபதிப்புகள் இருக்கின்றன. மோனோ பதிவின் கீழ்ஸ்தாயியை ஒரு காதுக்கும் மேல்ஸ்தாயியை இன்னொரு காதுக்கும் பிரித்து 'ஸ்டீரியோ' என்று அறுபதுகளில் விற்றார்களே, அது முழுக்க முழுக்க அனலாக் வேலை. ஒரு துளி டிஜிட்டல் கிடையாது. கேட்கச் சகிக்காது.

டிஜிட்டலை ஒதுக்கக் கூடாது என்பதற்கு எனக்கு முக்கியமான காரணம் இன்னொன்று. அமெரிக்க ஜாஸுக்கு நாடா இருந்தது. அங்கேயும் 2008 ஜூன் 1-ம் தேதி யுனிவர்சல் ஸ்டுடியோவின் கிடங்கில் பிடித்த தீயில் மூல நாடாக்கள் எரிந்தன. எவ்வளவு எரிந்தது என்பதில்தான் நிறுவனத்துக்கும் அதைப் பற்றி எழுதிய பத்திரிகைக்கும் சண்டை. ஆனாலும் அவர்களிடம் கிடங்கு இருந்தது, பட்டியல் இருந்தது. தமிழ்ப் படப் பாட்டுக்கு என்ன இருக்கிறது? ஸ்டுடியோவில் பதிந்த காந்த நாடா விலை கூடிய சரக்கு. படம் வெளியானதும் பல நேரம் அதை அழித்து அடுத்த பாட்டைப் பதிந்தார்கள். ரெக்கார்டு நிறுவனத்துக்குப் போனது ஒரு பிரதி. அது எந்தக் கிடங்கில் எந்த வெயிலில் எந்த ஈரத்தில் கிடந்தது என்பதை நிறுவனங்கள் நமக்குச் சொன்னதில்லை. சில வகை நாடாக்களில் இரும்புத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சினால் பிசுபிசுத்து உரியும். அப்படிப்பட்ட நாடாவைப் பக்குவம் பார்த்து மிதமான சூட்டில் உலர்த்தி, ஒருமுறையோ சிலமுறையோ மட்டும்தான் ஓட்ட முடியும். அந்த ஓட்டத்தில் தரமான டிஜிட்டல் பிரதி எடுத்து வைப்பதுதான் அதற்குக் கிடைக்கும் ஒரே சாகாவரம். 'டிஜிட்டல் தொடாத தட்டுதான் வேண்டும்' என்று அடம்பிடித்தால், ஒவ்வொரு மறுபதிப்புக்கும் அந்த நாடாவை மறுபடி மறுபடி ஓட்டித் தேய்க்க வேண்டும். நாம் காப்பாற்ற நினைப்பதை நாமே அழிப்போம்.

நாடாவே இல்லாத காலத்துப் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணன் பாடியவை அரக்குத் தட்டுகளில் வந்தன, பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம். மகாதேவனும் 1942-ல் 'மனோன்மணி' படக் காலத்தில் தொடங்கியது அந்தத் தட்டுகளோடுதான். இவற்றுக்கு மூலம் என்பது இன்று மிஞ்சியிருக்கிற தட்டேதான். இரண்டு மூன்று பிரதிகளைத் தேடிப் பிடித்து, கழுவி, அந்தப் பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற ஊசி போட்டு ஓட்டி, ஒன்றில் கீறல் விழுந்த இடத்துக்கு இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டி, கிளிக் சத்தத்தைக் கையால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். இதை இன்று ஒழுங்காகச் செய்யக் கணினிதான் கருவி. வேகத்தையும் பார்க்க வேண்டும். 78 என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் முன்பின் வேகத்தில் பதிவானவை. பாடியவர் எத்தனை கட்டையில் பாடுவார் என்று தெரிந்த ஒரு சங்கீதக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் வேகத்தைத் தீர்மானிக்க முடியும்.

இந்த வேகக் கோளாறு பழைய தட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் தொலைக்காட்சியின் 'பால்' (PAL) முறையில் 25. படத்தை வீடியோவாக மாற்றும்போது திருத்தாமல் விட்டால் பாட்டு நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடி, சுருதி முக்கால் அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை ஏறிவிடும். டி. எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் அவர்கள் பாடாத சுருதியில் இணையத்தில் பாடிக்கொண்டிருப்பது இதனால்தான். புதுத் தலைமுறை அதையே மூலம் என்று நினைத்துக் கற்றுக்கொள்கிறது. டிஜிட்டலைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் டிஜிட்டலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் இது சரியாகும்.

மறுபதிப்பு ஏன் கெடுகிறது என்பதற்கு இனி நேரடியாக வருகிறேன். கைப்பேசியில் கேட்பதற்காக இறுக்கி, சத்தம் கூட்டி, இரைச்சல் நீக்கியை முழுக்கத் திருகி ஒரு கோப்பு ஏற்கெனவே நிறுவனத்திடம் தயாராக இருக்கும். இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவின் கார்வையையும் வீணையின் மீட்டு முடிந்த பிறகு மிச்சம் நிற்கும் நாதத்தையும் அது துடைத்தெடுத்திருக்கும். அந்தக் கோப்பையே தட்டு வெட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெட்டுகிறவருக்குப் படம் தெரியாது, மொழி தெரியாது, ஒரிஜினல் எப்படி ஒலித்தது என்றும் தெரியாது. பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்தாக வேண்டும் என்ற நிலையில், பாட்டு எண்ணிக்கை கூட இருந்தால்தான் விற்கும் என்று 28 நிமிடத்தைத் திணிக்கச் சொல்கிறார்கள். சோதனைத் தட்டைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. செலவு முழுவதும் உறைக்கும் கனமான தட்டுக்கும் போகிறது. 180 கிராம் தட்டு வளையாமல் இருக்கலாம், கையில் எடுத்தால் நன்றாக இருக்கலாம். பள்ளத்தில் வெட்டியது மோசமென்றால் 180 கிராமில் அதே மோசம்தான் இருக்கும்.

நம்முடைய தவறான தீர்ப்பு இந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். டிஜிட்டல்தான் பிரச்சினை என்று வாங்குகிறவர் நம்பினால், உறையில் 'அனலாக்' என்று ஓர் ஒட்டுத்தாள் போட்டால் போதும், விலையை இரட்டிப்பாக்கலாம். எந்த நாடா, எத்தனையாவது பிரதி, எந்தக் கருவியில் ஓடியது, யார் மாஸ்டர் செய்தார், யார் வெட்டினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பழைய தட்டு வியாபாரிக்கும் லாபம். தேய்ந்த தட்டுக்கு 'ஒரிஜினல்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கலாம். நஷ்டம் பாட்டுக்கும், அதைக் கேட்க ஆசைப்படுகிற புது ஆட்களுக்கும். முதல் எல்பி வாங்கிய ஓர் இளைஞர் ஏமாந்து, 'தட்டு என்றாலே இவ்வளவுதான்' என்று பிளேயரை விற்றுவிட்டுப் போகிறார். அவருக்குச் சரியான காரணத்தைச் சொல்லியிருந்தால் அடுத்த தட்டைப் பார்த்து வாங்கியிருப்பார்.

சேகரிப்பவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. நல்ல நிலையில் உள்ள முதல் பதிப்பு ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கிறது, மூல நாடா எங்கும் இல்லை. அப்படியென்றால் அந்தப் பாட்டின் மூலமே இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. ஒழுங்கான கருவியில் ஒருமுறை ஓட்டி உயர்தரக் கோப்பாக எடுத்துக்கொள்ளக் கொடுப்பீர்களா? கொடுத்தால் நாளைய மறுபதிப்பு உருப்படும். 'டிஜிட்டலுக்குக் கொடுக்க மாட்டேன்' என்று அலமாரியைப் பூட்டினால், நாலு மழைக்காலத்தில் பூஞ்சை அதை முடித்துவிடும். நாகர்கோவிலில் இந்த மாதிரி அலமாரிகள் கொஞ்சம் இல்லை. கிருஷ்ணன்கோவில் மகாதேவனின் பாட்டுகளை, அவர் நினைத்த சுருதியில், தவிலின் மேடுபள்ளத்தோடு திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அந்த அலமாரிகள் திறக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது சுலபம். அடுத்த மறுபதிப்பை வாங்கும் முன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூலம் எது, மாஸ்டர் செய்தவர் யார், பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் ஊசிக்கையைக் கவனியுங்கள். ஆடினால் தட்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அப்போது 'சத்தம் சரியில்லை, டிஜிட்டல்' என்று சொல்லிவிட்டு வந்துவிடாமல், துளை விலகியிருக்கிறது, கடைசிப் பாட்டு கிழிகிறது, தவில் மட்டமாகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.